எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் புது டியூனிங் கீ: அளப்பது, தேர்ந்தெடுப்பது, மாட்டுவது

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்களுக்கு ஸ்ட்ரிங் செட், பிக், கேபிள் எல்லாம் எப்படியாவது கிடைத்துவிடும். டியூனிங் கீ, அதாவது ஸ்ட்ரிங்கைச் சுற்றிச் சுருதி சேர்க்கும் திருகு, மாற்ற வேண்டும் என்றால்தான் சிக்கல். பெரும்பாலும் ஆன்லைனில் ஆர்டர் போடுகிறோம், இல்லையென்றால் பெங்களூருக்கு பஸ் ஏறுகிறோம். படத்தில் பளபளவென்று இருக்கிறதே என்று வாங்கி, வீட்டில் வந்து மாட்டிப் பார்த்தால் ஓட்டைக்குள் நுழையாது. அல்லது நுழைந்து தொளதொளவென்று ஆடும். திருப்பி அனுப்பினால் இன்னும் ஒரு வாரம் போகும், அதற்குள் திருவிழாக் கச்சேரி வந்துவிடும்.

எந்த பிராண்ட் நல்லது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைக்கிறேன். எந்த கீ பொருந்தும் என்பதை உங்கள் ஹெட்ஸ்டாக்கில் (கீகள் மாட்டியிருக்கும் கிட்டாரின் தலைப்பகுதி) ஏற்கெனவே போட்டிருக்கும் ஓட்டை முடிவு செய்துவிட்டது. அது அனுமதிப்பதற்குள்தான் நம் விருப்பம் எல்லாம்.

முதலில், தப்பு கீ மேல்தானா?

சுருதி நிற்காத கிட்டார்களில் பலவற்றில் கீ நன்றாகவே இருக்கும். நட்டில்தான், அதாவது கழுத்தின் தலைப்பக்க முனையில் ஸ்ட்ரிங் உட்காரும் பள்ளமுள்ள சிறு பட்டையில்தான், கோளாறு இருக்கும். ஸ்ட்ரிங் நட்டின் பள்ளத்தில் சிக்கிக்கொண்டு, கீயைத் திருப்பும்போது நகராமல் நின்று, பிறகு டிங்கென்று ஒரு சத்தத்தோடு குதிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் கீ வாங்கும் பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மூன்றாவது ஸ்ட்ரிங்கைச் சரியாகச் சுருதி சேர்த்துவிட்டு, பன்னிரண்டாவது ஃப்ரெட் பக்கம் நன்றாக ஒரு பெண்ட் கொடுத்து, அதாவது ஸ்ட்ரிங்கை விரலால் பக்கவாட்டில் தள்ளி, விடுங்கள். திறந்து மீட்டிப் பாருங்கள். சுருதி இறங்கியிருந்தால், நட்டுக்கும் கீக்கும் நடுவில் உள்ள ஸ்ட்ரிங்கை விரலால் ஒரு அழுத்து அழுத்தி விடுங்கள். சுருதி பழைய இடத்துக்கு ஏறிவிட்டதா? அப்படியானால் ஸ்ட்ரிங் நட்டில் சிக்குகிறது. பெண்டின்போது கீ பக்கத்திலிருந்து கொஞ்சம் ஸ்ட்ரிங் இந்தப் பக்கம் வந்துவிட்டது, திரும்பிப் போக முடியவில்லை, நீங்கள் அழுத்தியதும் இழுபட்டுப் போய்விட்டது. பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்துப் பாருங்கள். அதுவும் போதவில்லை என்றால் நட்டின் பள்ளத்தை ஸ்ட்ரிங் தடிமனுக்கு ஏற்றபடி அராவ வேண்டும். வேமி பாரை (பிரிட்ஜை அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் கம்பி) கீழே அமுக்கி விட்டபின் சுருதி ஏறி நின்றாலும் பெரும்பாலும் இதே நட் சங்கதிதான்.

காவேரிப்பட்டணத்தில் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வாசிக்கும் ஒரு தம்பி, "அண்ணா, லாக்கிங் கீ போட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்றாங்க" என்று கிட்டாரைக் கொண்டுவந்தார். அவருடைய மூன்றாவது ஸ்ட்ரிங் இந்த அழுத்தலுக்கே பழைய சுருதிக்கு ஏறியது. பள்ளத்தைச் சரிசெய்த பிறகு பழைய கீயோடுதான் இன்னும் வாசிக்கிறார்.

அழுத்தியும் சுருதி ஏறவில்லை என்றால், ஸ்ட்ரிங் கீயின் தண்டில் வழுக்குகிறது. அதிலும் முதலில் சுற்றைப் பாருங்கள். மெல்லிய ஸ்ட்ரிங்குக்கு மூன்று நான்கு சுற்று, தடித்ததற்கு இரண்டு மூன்று, ஒன்றன் கீழ் ஒன்றாக ஒழுங்காக இறங்கியிருக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குழம்பியிருந்தால் எவ்வளவு விலையுள்ள கீயாக இருந்தாலும் சுருதி நிற்காது. புது ஸ்ட்ரிங் முதல் ஒன்றிரண்டு நாள் இழுபடும், அது இயற்கை. ஓசூரில் மார்கழிக் குளிரில் திறந்தவெளி மேடை என்றால் ஸ்ட்ரிங் குளிர்ந்து சுருங்கிச் சுருதி ஏறும், விளக்குச் சூட்டில் இறங்கும். இதற்கெல்லாம் கீயைத் திட்டிப் பயனில்லை.

சரி, கீ உண்மையிலேயே போய்விட்டது என்று எப்படித் தெரியும்? ஸ்ட்ரிங் கட்டியிருக்கும்போதே தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால், கீயின் முன்பக்கம் இருக்கும் அறுகோண நட்டை (ஸ்ட்ரிங் உட்காரும் நட் அல்ல) 10 மி.மீ. ஸ்பேனரால் இறுக்குங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை அதோடு முடிந்துவிடும். இறுக்கியும் ஆடினால் உள்ளே தேய்ந்திருக்கிறது. குமிழைத் திருப்பும்போது ஓரிடத்தில் லேசாகவும் ஓரிடத்தில் கடினமாகவும் இருந்தால், அல்லது திருப்பத் திருப்ப எதுவும் நடக்காமல் திடீரென்று சுருதி எகிறினால், கியர் பல் தேய்ந்துவிட்டது. தண்டு வளைந்ததும் குமிழ் உடைந்ததும் கண்ணுக்கே தெரியும்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்கிறேன். குமிழில் சிறு ஆட்டம், அதாவது பேக்லாஷ், இருப்பதாலேயே சுருதி இறங்காது. உள்ளே இருப்பது வொர்ம் கியர். குமிழ் தண்டைச் சுற்றும், தண்டால் குமிழைச் சுற்ற முடியாது. ஸ்ட்ரிங்கின் இழுவை கியர் பல்லை எப்போதும் ஒரே பக்கமாக அழுத்தி வைத்திருக்கும். அதனால்தான் சுருதியை எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்தச் சொல்கிறார்கள். மேலே போய்விட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும். ஓசூர் சிப்காட்டில் மெஷின் முன்னால் நிற்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், ஹேண்டிலைத் திருப்பும்போது அவர்கள் தினமும் செய்வதுதான்.

வெர்னியரைக் கையில் எடுங்கள்

இந்த வேலைக்கு ஸ்கேல் போதாது. நம் மாவட்டத்தில் வெர்னியருக்குப் பஞ்சமில்லை, லேத் பட்டறையில் யாரைக் கேட்டாலும் ஐந்து நிமிடம் கொடுப்பார்கள். ஒரே ஒரு கீயைக் கழற்றினால் போதும், கிட்டார் வாசிக்கும் நிலையிலேயே இருக்கும்.

ஓட்டையின் விட்டம்தான் முதல் அளவு. பெரும்பாலான கிட்டார்கள் இரண்டு கூட்டத்தில் ஒன்றில் அடங்கும். இன்றைய மூடிய வகை கீக்கு ஓட்டை சுமார் 10 மி.மீ. அதில் முன்பக்கம் இருந்து மரையுள்ள புஷ் (தண்டைச் சுற்றி நிற்கும் சிறு உலோகக் குழாய்) இறங்கி, அறுகோணத் தலையோடு வாஷர் மேல் உட்காரும். முன்பு சொன்ன அறுகோண நட்டு இந்தத் தலைதான். பழைய பாணி க்ளூசன் வகைக்கு ஓட்டை சுமார் 8.7 மி.மீ. அதில் புஷ்ஷுக்கு மரை இருக்காது, மரத்தில் அழுத்தி இறக்கியிருப்பார்கள், ஸ்பேனர் பிடிக்க இடமே இருக்காது. கழற்றாமலே இரண்டையும் இதை வைத்து அடையாளம் கண்டுவிடலாம். அளக்கும்போது ஹெட்ஸ்டாக்கின் முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். சில கிட்டார்களில் பின்பக்கம் அகலமாகவும் முன்பக்கம் குறுகலாகவும் படி வைத்துத் துளைத்திருப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் அளந்தால் ஏமாந்துவிடுவோம்.

அடுத்தது ஸ்க்ரூ இடம். கீயைக் கழற்றியதும் ஹெட்ஸ்டாக்கின் பின்னால் தெரியும் சிறு துளைகளை நேராக மேலிருந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஸ்கேல் ஒன்றை வைத்து. மூடிய வகைகளில் பெரும்பாலும் ஒரே ஸ்க்ரூ, சிலதில் மூலையில் 45 டிகிரி சாய்வாக, சிலதில் நேராக 90 டிகிரியில். க்ளூசன் வகையில் ஒரு கீக்கு இரண்டு ஸ்க்ரூ. ஆறும் ஒரே வரிசை என்றால் பக்கத்துப் பக்கத்துக் கீகள் ஒரே ஸ்க்ரூவைப் பங்கு போட்டுக்கொள்ளும். சில ஃபெண்டர் மாடல்களில் ஸ்க்ரூவே இருக்காது, கீயின் பின்னால் இரண்டு சிறு பின், மரத்தில் அதற்கு இரண்டு குழி. பழைய துளையும் புது கீயின் துளையும் ஒன்றாக வந்தால் வேலை அரை மணி நேரம். வராவிட்டால், புது கீயின் உடல் பழைய துளையை மறைக்குமா என்று பாருங்கள். மறைக்காவிட்டால் அந்தத் துளை ஆயுளுக்கும் கண்ணை உறுத்தும். ஹிப்ஷாட் போன்ற சிலர் புதிதாகத் துளை போடாமலே மாட்டும் ஒரு தகடு தருகிறார்கள். நல்ல கிட்டாரைத் துளைக்க மனம் வராதவர்களுக்கு அது ஏற்ற வழி.

ஆறு கீயும் ஒரே வரிசையில் இருக்கும் கிட்டார் என்றால் ஒரு தண்டின் நடுவிலிருந்து அடுத்த தண்டின் நடு வரை எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். உடல் பெருத்த கீ வாங்கினால் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்ளும். ஹெட்ஸ்டாக்கின் தடிமனும் வேண்டும். சுமார் 13 முதல் 15 மி.மீ. வரை இருந்தால் பெரும்பாலான கீகள் சேரும். அதைவிடத் தடித்திருந்தால் புஷ்ஷின் மரை கீயை எட்டிப் பிடிக்காது.

தண்டின் விட்டத்தையும் ஓரமாகக் குறித்து வையுங்கள். இன்றைய வகையில் 6 மி.மீ., பழைய பாணியில் 6.35 மி.மீ. புஷ்ஷை அப்படியே விட்டுவிட்டு கீயை மட்டும் மாற்ற நினைத்தால் இந்தச் சிறு வித்தியாசமே மொத்தத்தையும் கெடுத்துவிடும். கீயோடு வரும் புஷ்ஷையே போடுங்கள் என்பது என் கருத்து.

எந்தப் பக்கத்து கீ

ஸ்ட்ராட் போல ஆறும் ஒரே வரிசையா, லெஸ் பால் போல மூன்றுக்கு மூன்றா, மியூசிக் மேன் போல நான்குக்கு இரண்டா என்பது பார்த்தாலே தெரியும். குழப்பம் ஆறு வரிசையில்தான். விற்பவர்கள் இடது, வலது என்று எழுதுவது ஆளுக்கு ஆள் மாறுகிறது. சிலர் வாசிப்பவரின் கையைச் சொல்கிறார்கள், சிலர் ஹெட்ஸ்டாக்கின் பக்கத்தைச் சொல்கிறார்கள். எழுத்தை நம்பாமல் படத்தை நம்புங்கள். ஹெட்ஸ்டாக்கை முன்னால் இருந்து பார்க்கிற மாதிரி வைத்து, தடித்த ஸ்ட்ரிங் பக்கம் குமிழ் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் சாதாரண வலது கை ஸ்ட்ராட் வகைக்கு. ஹெட்ஸ்டாக் தலைகீழாக இருக்கும் கிட்டாருக்கு இதற்கு எதிர்ப்பக்கத்து செட் வேண்டும்.

இப்போது வகை

கியர் ரேஷியோவைப் பலர் தரத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். 18:1 என்றால் குமிழ் 18 முறை சுற்றினால் தண்டு ஒரு முறை சுற்றும். 6 மி.மீ. தண்டின் சுற்றளவு ஏறத்தாழ 18.85 மி.மீ. அப்படியானால் குமிழின் ஒரு சுற்றுக்கு ஸ்ட்ரிங் 1.05 மி.மீ. இழுபடுகிறது. 14:1 கீயில் அதே ஒரு சுற்றுக்கு சுமார் 1.35 மி.மீ. வித்தியாசம் அவ்வளவுதான். ரேஷியோ கூடினால் நுணுக்கமாக நிறுத்தலாம், ஸ்ட்ரிங் மாற்றும்போது அதிக நேரம் சுற்ற வேண்டியிருக்கும். சுருதி தாங்குவதற்கும் ரேஷியோவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. பற்கள் துல்லியமாக வெட்டப்பட்ட 14:1 கீ, மட்டமான 18:1 கீயைவிட எத்தனையோ மேல். மேடையில் அடிக்கடி ட்ராப் டி ட்யூனிங்குக்கு (தடித்த ஸ்ட்ரிங்கை மட்டும் இறக்கும் சுருதி) மாறுகிறவருக்குக் குறைந்த ரேஷியோ வசதியாகக்கூட இருக்கும்.

மூடிய வகையா, க்ளூசன் போன்ற பழைய பாணியா? மூடியதில் கியர் ஒரு வார்ப்புக் கூட்டுக்குள் கிரீஸோடு அடைபட்டிருக்கும், தூசி போகாது. கிரஷர் தூசி பறக்கிற நம் கிரானைட் பூமியில் இது சின்ன லாபமில்லை. அதற்கு விலையாக எடை கூடும். கிப்சன் எஸ்.ஜி. மாடல் போல இயல்பாகவே கழுத்து கீழே சாயும் கிட்டாரில் கனத்த கீ ஆறைப் போட்டால் இடது கை முழு நேரமும் கழுத்தைத் தாங்கிக்கொண்டே இருக்கும். அந்த மாதிரி கிட்டாருக்கு க்ளூசன் வகை, பிளாஸ்டிக் குமிழ் என்று எடை குறைந்ததைப் பாருங்கள். வாங்கும் முன் தராசில் பழைய ஆறையும் நிறுத்து, புதியதன் எடையை விற்பவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

லாக்கிங் கீ பற்றி நிறையப் பேச்சு இருக்கிறது. அதில் ஸ்ட்ரிங்கைத் தண்டுக்குள் விட்டு, பின்னால் உள்ள திருகாலோ உள்ளே உள்ள பிடியாலோ நெரித்துப் பூட்டிவிடுவார்கள். ஒரு சுற்றுக்கும் குறைவாகத்தான் சுற்றும், ஆகவே சுற்று இறுகுவது, வழுக்குவது என்ற தொல்லை கிடையாது. கச்சேரி நடுவில் ஸ்ட்ரிங் அறுந்தால் அடுத்த பாட்டுக்குள் மாற்றிவிடலாம். வேமி பார் அதிகம் பிடிக்கிறவருக்கும் மேடை ஆளுக்கும் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். வீட்டில் வாசிக்கிறவர், ஒழுங்காகச் சுற்றத் தெரிந்தவர் என்றால் அவசியமில்லை. ஃப்ளாய்ட் ரோஸ் என்ற பூட்டும் வகை வேமி பிரிட்ஜ் இருந்து நட்டிலேயே ஸ்ட்ரிங் பூட்டப்பட்டிருக்கும் கிட்டாருக்கு லாக்கிங் கீ வீண் செலவு. பூட்டிய பிறகு சுருதியை பிரிட்ஜில் உள்ள சிறு திருகுதான் பார்த்துக்கொள்கிறது.

ஸ்ட்ராட் போல ஹெட்ஸ்டாக் சாயாமல் நேராகப் போகும் கிட்டார்களுக்கு இன்னொரு நல்ல தேர்வு உண்டு. தண்டின் உயரம் படிப்படியாகக் குறையும் செட். மெல்லிய ஸ்ட்ரிங் பக்கம் தண்டு குட்டையாக இருப்பதால் ஸ்ட்ரிங் நட்டின் மேல் நன்றாக அழுந்தி உட்காரும். சில கிட்டார்களில் ஸ்ட்ரிங் ட்ரீ என்ற அந்தச் சிறு கொக்கியையே கழற்றிவிடலாம், ஸ்ட்ரிங் உரசும் இடம் ஒன்று குறையும். மூன்றுக்கு மூன்று, சாய்ந்த ஹெட்ஸ்டாக் என்றால் எல்லாம் ஒரே உயரம் போதும்.

பிராண்ட், விலை

ஜப்பானின் கோட்டோ, ஜெர்மனியின் ஷாலர், அமெரிக்கப் பெயர்களான க்ரோவர், ஸ்பெர்சல், ஹிப்ஷாட், பழைய பாணிக்கு க்ளூசன். இவற்றில் எதை எடுத்தாலும், அளவு சரியென்றால் பல வருடம் ஓடும். கோட்டோ 510 வரிசையில் பெரும்பாலானவை 18:1, க்ரோவர் ரோட்டோமாட்டிக் 102 என்பது 14:1. பட்ஜெட் குறைவு என்றால் வில்கின்சன் பார்க்கலாம்.

பெயரே இல்லாத செட் சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது. ஆறில் நான்கு நன்றாக இருக்கும், இரண்டு கரகரக்கும். அதே படத்தில் பெரிய பெயரை அச்சிட்டு விற்கும் போலிகளும் உண்டு, விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் விலகிவிடுங்கள். பத்தாயிரம் ரூபாய் கிட்டாருக்கு எட்டாயிரம் ரூபாய் கீ போடுவது எனக்குச் சம்மதமில்லை. அந்தப் பணத்தில் முதலில் நல்ல நட், ஃப்ரெட் வேலை செய்துவிட்டு, மீதியில் நடுத்தர விலை கீ வாங்கினால் கிட்டார் பல மடங்கு மேலாக வாசிக்கும்.

ஆர்டர் போடும் முன் விற்பவரின் அளவுப் படத்தையும் நீங்கள் எழுதிவைத்த அளவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அளவுப் படம் தராதவரிடம் வாங்க வேண்டாம்.

ஓட்டை சேரவில்லை என்றால்

10 மி.மீ. ஓட்டையில் க்ளூசன் வகை போட ஆசையா? அதற்கென்று வெளிப்புறம் அகலமான மாற்று புஷ் கிடைக்கிறது. மரத்தைத் தொடாமல் வேலை முடியும்.

8.7 மி.மீ. ஓட்டையை 10 ஆக்குவதுதான் பயப்பட வேண்டிய வேலை. முதலில் பழைய புஷ்ஷை எடுக்க வேண்டும். அதன் ஓரத்தில் பெயின்ட் ஒட்டியிருந்தால் பிளேடு நுனியால் சுற்றிக் கீறிவிட்டு, சால்டரிங் அயர்ன் நுனியால் புஷ்ஷைக் கொஞ்சம் சூடாக்கி, பின்பக்கம் இருந்து நேராகத் தள்ளுங்கள். அப்புறம், கைத் துளைக்கருவியில் 10 மி.மீ. பிட்டைப் போட்டு இறக்கவே கூடாது. பிட் மரத்தைக் கவ்வி இழுக்கும், பெயின்ட் சில்லுசில்லாகப் பெயரும். ஓசூரில் டூல் ரூமில் வேலை பார்க்கும் ஒருவர் இதைச் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டினார். கையால் சுற்றும் டேப்பர் ரீமரை எடுத்து முன்பக்கம் சில சுற்று, திருப்பிப் பின்பக்கம் சில சுற்று என்று மாறி மாறிச் சுரண்டினார். மாவு மாதிரி மரத்தூள் உதிர்ந்தது. அளக்க வெர்னியர்கூட எடுக்கவில்லை. 10 மி.மீ. ட்ரில் பிட்டின் வழவழப்பான அடித்தண்டை விட்டு விட்டுப் பார்த்தார், அது லேசான பிடிப்போடு இறங்கியதும் நிறுத்திவிட்டார். ரீமர் கூம்பாகத்தான் வெட்டும் என்பதால் இரண்டு பக்கமும் சமமாகப் போவது முக்கியம். இந்தக் கைப்பழக்கம் இல்லாதவர்கள் 8.7 ஓட்டைக்கே பொருந்தும் செட்டை வாங்குங்கள், அதிலும் லாக்கிங் வகை உண்டு.

மாட்டுவது

வேமி பார் உள்ள கிட்டார் என்றால் ஆறு ஸ்ட்ரிங்கையும் கழற்றும் முன் பிரிட்ஜ் சாயாமல் அடியில் ஒரு மரத்துண்டோ மடித்த துணியோ கொடுங்கள். பழைய ஸ்க்ரூவைத் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரால் மட்டும் கழற்றுங்கள், தலை மழுங்கிவிட்டால் வேலை இரண்டு மடங்கு.

புது கீ ஆறையும் ஓட்டையில் விட்டு, புஷ்ஷைக் கையால் மட்டும் திருகுங்கள். ஸ்டீல் ஸ்கேலை ஆறின் முதுகிலும் வைத்து வரிசையை நேராக்குங்கள். வரிசை திருப்தியானதும் புஷ்ஷை ஓரளவு இறுக்கி, ஸ்க்ரூ வரும் இடத்தின் நடுவைக் கூர்முனையால் குறியுங்கள். பழைய துளை கால் பாகம் மட்டும் விலகியிருந்தால் அதை அப்படியே பயன்படுத்த நினைக்காதீர்கள், ஸ்க்ரூ பழைய துளைக்கே ஓடும், கீ கோணலாகும். பல் குத்தும் குச்சியை ஃபெவிகால் தோய்த்து அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, மட்டமாக வெட்டிவிட்டுப் புதிதாகத் துளையுங்கள்.

துளை, ஸ்க்ரூவின் மரையைத் தவிர்த்த நடுத்தண்டின் அளவு இருக்க வேண்டும். இந்தச் சிறு ஸ்க்ரூக்களுக்குப் பெரும்பாலும் 1.5 மி.மீ. பக்கம் வரும். பிட்டில் ஸ்க்ரூவின் நீளத்துக்கு டேப் சுற்றிக்கொண்டால் முன்பக்கம் ஓட்டை விழாது. மேப்பிள் கெட்டி மரம். துளைக்காமல் நேராகத் திருகினால் ஸ்க்ரூவின் தலை கையோடு வந்துவிடும், உடல் உள்ளே தங்கிவிடும். ஸ்க்ரூவில் கொஞ்சம் மெழுகோ சோப்போ தேய்த்து, மெதுவாக, உட்கார்ந்ததும் நிறுத்துங்கள். அறுகோண நட்டுக்கும் அதே கட்டுப்பாடுதான். ஆட்டம் நின்றால் போதும், அதற்கு மேல் இறுக்கினால் வாஷர் அடியில் பெயின்ட் விரிசல் விடும். அழுத்தி இறக்கும் புஷ்ஷைச் சுத்தியலால் அடிக்காமல், மரத்துண்டு வைத்து சி கிளாம்பால் அழுத்துங்கள்.

ஸ்ட்ரிங் கட்டி, நன்றாக இழுத்து விட்டு, சுருதியைக் கீழிருந்து ஏற்றி நிறுத்துங்கள். குமிழ் அதிகம் இறுக்கமாகவோ லூசாகவோ தோன்றினால் மூடிய வகைகள் பலவற்றில் குமிழின் நுனியில் ஒரு சிறு ஸ்க்ரூ இருக்கும், அதைக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். மரமும் பெயின்ட்டும் அழுந்திக் கொடுக்கும் என்பதால் ஒன்றிரண்டு வாரம் கழித்து அறுகோண நட்டு ஆறையும் ஒருமுறை ஸ்பேனரால் தொட்டுப் பார்க்க வேண்டும். பழைய கீ, புஷ், ஸ்க்ரூ எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, எந்த கிட்டாருடையது என்று எழுதி கேஸிலேயே வைத்துவிடுங்கள். கிட்டாரை விற்கும்போது, அதோடு வந்த ஒரிஜினல் கீ எங்கே என்றுதான் வாங்குகிறவர் கேட்பார்.